மங்கிய ஒளியில் படம் பிடித்தல்

அந்தி மயங்கிய பிறகு கோயில் மண்டபத்தில் நடக்கும் நாதசுரக் கச்சேரி, மாடவிளக்கின் அருகே அமர்ந்து பூத்தொடுக்கும் மூதாட்டி, பள்ளி மேடையில் நடிக்கும் மாணவர்கள் ஆகிய இவற்றையெல்லாம் படமெடுக்க விரும்பும் இளைஞருக்கு முதற்பகையாக வந்து நிற்பது இருள். மின்வெட்டு விளக்கைப் பளிச்சென்று எரித்தால் படம் கிடைத்துவிடும். ஆனால், அந்த இடத்துக்கே உரிய ஒளியும் நிழலும் அத்துடன் அழிந்துபோகும். முகம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்து நிற்கும். ஆகவேதான், இருக்கின்ற ஒளியைக் கொண்டே படமெடுக்கும் வழிகளைப் புகைப்படக் கலைஞர்கள் நெடுங்காலமாகத் தேடி வந்திருக்கின்றனர். அவ்வழிகளுள் ஒன்று, கறுப்பு வெள்ளைப் பிலிமை அதன் இயல்பான ஆற்றலுக்கு மேல் வேலை வாங்குவது. இதனை மேனாட்டார் ‘புஷ்’ செய்தல் என்பர். பிலிமை முன்னே தள்ளுதல் என்று நாம் சொல்லலாம். இஃது எவ்வாறு நிகழ்கிறது, இதனால் பெறுவது என்ன, இழப்பது என்ன என்பவற்றை இன்று காண்போம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. காமிராவினுள் செல்லும் ஒளியின் அளவை இரண்டு கருவிகள் ஆளுகின்றன. ஒன்று, லென்ஸின் துவாரம். மற்றொன்று, ஷட்டர் திறந்திருக்கும் நேரம். விளக்கொளி படர்ந்த ஒரு கூடத்தில், 400 வேகமுள்ள பிலிமை வைத்துக்கொண்டு ஒளிமானியைப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். துவாரத்தை எஃப் 2 வரை அகலத் திறந்த பின்னும், ஷட்டர் ஒரு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று அது காட்டுகிறது. அவ்வளவு நேரத்துக்குள் கையும் நடுங்கும், தவில் வாசிப்பவரின் விரலும் அசையும், படம் கலங்கிவிடும். வினாடியில் அறுபதில் ஒரு பங்கு நேரமாக இருந்தால் ஒருவாறு சமாளிக்கலாம். ஆனால், அப்போது பிலிமின்மீது விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைந்துபோகும். ஒளி பாதியாகக் குறைவதை ஒரு ஸ்டாப் என்று புகைப்படக்காரர் கணக்கிடுவர். ஆகவே, இங்கே நமக்குப் பற்றாக்குறை இரண்டு ஸ்டாப்.

இந்த இடத்தில் கலைஞர் ஒரு துணிவான முடிவுக்கு வருகிறார். 400 வேகமுள்ள பிலிமை 1600 வேகமுள்ளதுபோல எண்ணிக்கொண்டு, ஒளிமானியையும் அவ்வாறே அமைத்துப் படமெடுக்கிறார். பிலிமுக்கு ஒளி போதவில்லை என்பது அவருக்குத் தெரியும். அந்தக் குறையை இருட்டறையில், உருத்துலக்கும் கரைசலில் வழக்கத்தைவிட நீண்ட நேரம் வைத்து ஓரளவு ஈடுசெய்யலாம் என்று நம்புகிறார். குறைந்த ஒளி, கூடுதலான உருத்துலக்கல் ஆகிய இரண்டும் சேர்ந்ததே புஷ் செய்தல். அவருடைய நம்பிக்கை எவ்வளவு தூரம் நியாயமானது என்பதே நாம் ஆராய வேண்டிய கேள்வி.

இதற்கு விடை காணப் பிலிமின் உள்ளே சற்று நுழைந்து பார்க்க வேண்டும். ஒளி ஊடுருவும் ஒரு மெல்லிய பட்டையின்மீது ஜெலாட்டின் பூசப்பட்டிருக்கிறது. அதில் வெள்ளி புரோமைடு போன்ற வெள்ளி உப்புக்களின் நுண்ணிய படிகங்கள் கோடிக்கணக்கில் பரவிக் கிடக்கின்றன. ஒளித்துகள்கள் ஒரு படிகத்தின்மீது மோதும்போது, அதிலுள்ள வெள்ளி அயனிகளிற் சில உலோக வெள்ளி அணுக்களாக மாறி ஒரிடத்தில் ஒன்றுகூடுகின்றன. இந்நிகழ்ச்சியின் விளக்கத்தை 1938ஆம் ஆண்டில் கர்னி, மாட் என்னும் இரு இயற்பியல் அறிஞர்கள் வெளியிட்டனர். ஏறக்குறைய நான்கு அணுக்கள் ஒருங்கே சேர்ந்துவிட்டால், அந்தப் படிகம் உருத்துலங்கத் தகுதி பெறுகிறது. ஓரணு மட்டும் தோன்றினால் அது நிலைத்து நிற்பதில்லை. கண்ணுக்குப் புலப்படாத இந்த அடையாளத்தையே மறை உருவம் என்கிறோம்.

அடுத்து உருத்துலக்கியின் வேலை தொடங்குகிறது. நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் டி-76 என்னும் உருத்துலக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் கரைசலில் மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட்டு 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம் அடங்கியிருக்கும். இக்கரைசல் மறை உருவம் பெற்ற படிகத்தைப் பற்றிக்கொண்டு, அதில் உள்ள வெள்ளி உப்பை எல்லாம் கரிய உலோக வெள்ளியாக மாற்றிவிடுகிறது. நான்கு அணுக்கள் இட்ட அடையாளம் நூறு கோடி அணுக்கள் அளவுக்குப் பெருகுகிறது! இயற்கையில் இத்துணைப் பெரிய பெருக்கம் அரிது. அடையாளம் பெறாத படிகங்களைக் கரைசல் எளிதில் தொடுவதில்லை. பின்னர் ஹைப்போவில் இடும்போது அவை கரைந்து நீங்கிவிடுகின்றன.

இப்போது நம் கேள்விக்குத் திரும்புவோம். படத்தில் ஒளிமிக்க பகுதிகள் உண்டு. நிழல் படிந்த பகுதிகளும் உண்டு. விளக்குச் சுடரும் வெள்ளை வேட்டியும் பதிந்த இடங்களில், ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைந்தபோதும், ஏராளமான படிகங்கள் அடையாளம் பெற்றுவிடுகின்றன. வழக்கமான நேரத்தில் அவற்றுட் பல முழுமையாகக் கருமை அடைவதற்கு முன்பே கரைசலிலிருந்து பிலிமை எடுத்துவிடுகிறோம். நேரத்தை நீட்டினால், அவை மேலும் கருத்து நெகடிவில் அடர்த்தி கூடும். ஆனால், தூணின் பின்புறமும் கூந்தலின் மடிப்பும் பதிந்த இடங்களில் படிகங்களுக்கு ஓரிரு ஒளித்துகள்களே கிடைத்திருக்கும். அடையாளம் தோன்றியே இராது. அங்கே எத்தனை நாழிகை உருத்துலக்கினாலும் உருவம் வாராது. விதை விழாத வயலுக்கு எவ்வளவு நீர் பாய்ச்சினாலும் பயிர் முளைக்காது அன்றோ? விதை விழுந்த வயலுக்கு நீர் பாய்ச்சினால் விளைச்சல் பெருகும். புஷ் செய்தலின் தத்துவம் முழுவதும் இந்த ஓர் உவமையில் அடங்கியிருக்கிறது.

இவ்வுண்மையை அளந்து காட்டியவர்கள் இங்கிலாந்தில் வாழ்ந்த ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்னும் இருவர். பிலிம் பெற்ற ஒளியின் அளவையும், அதனால் விளைந்த கருமையின் அளவையும் வரைபடமாக வரைந்து 1890ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர். அந்த வளைகோடு அடியில் மெல்லத் தொடங்கி, நடுவில் செங்குத்தாக ஏறி, உச்சியில் மீண்டும் சாய்ந்து செல்கிறது. அடிப்பகுதி நிழல்களுக்கு உரியது. மேற்பகுதி ஒளிமிக்க இடங்களுக்கு உரியது. உருத்துலக்கும் நேரத்தைக் கூட்டினால் வளைகோட்டின் ஏற்றம் செங்குத்தாகிறது. அடிப்பகுதியோ பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே, ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு மிகுதியாகிறதேயன்றி, நிழலில் புதிய விவரங்கள் தோன்றுவதில்லை.

பிலிமின் வேகம் என்னும் எண்ணும் இந்த அடிப்பகுதியைக் கொண்டே வரையறுக்கப்பட்டிருக்கிறது. பிலிமின் இயல்பான மூட்டத்துக்கு மேல் 0.10 அடர்த்தி தோன்றுவதற்கு எவ்வளவு ஒளி வேண்டும் என்பதை அளந்தே ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கணிக்கின்றனர். ஆகவே, கலைஞர் தம் ஒளிமானியை 1600 என்று அமைத்ததனால் மட்டும் பிலிமின் வேகம் 1600 ஆகிவிடாது. நீண்ட உருத்துலக்கலாலும், மைக்ரோஃபென் போன்ற சில கரைசல்களாலும் உண்மையான வேகம் சிறிதளவு கூடுவது உண்டு. அந்தச் சிறிதளவுக்கு மேற்பட்டது எல்லாம் நிழலிலிருந்து வாங்கிய கடனே ஆகும்.

எண்களைக் கண்டு மயங்கலாகாது என்பதற்கு வரலாற்றிலிருந்து ஒரு சான்று கூறுகிறேன். கோடாக் நிறுவனம் 1954ஆம் ஆண்டில் 35 மில்லிமீட்டர் அளவில் டிரை-எக்ஸ் பிலிமை வெளியிட்டது. செய்திப் படக்காரர்கள் அதனைப் பெரிதும் விரும்பினர். அப்போது அதன் வேகம் 200 என்று குறிக்கப்பட்டிருந்தது. 1960ஆம் ஆண்டில் அமெரிக்க அளவுமுறை திருத்தப்பட்டது. பழைய முறையில் முன்னெச்சரிக்கைக்காகச் சேர்த்திருந்த மிகுதி குறைக்கப்பட்டது. அதன்பின் அதே பிலிமின் வேகம் 400 என்று குறிக்கப்பட்டது. எண் இரட்டித்தது, பிலிம் மாறவில்லை. இன்னொரு சான்று: இல்ஃபோர்டு நிறுவனத்தின் டெல்டா 3200 என்னும் பிலிமின் உண்மையான ஐ.எஸ்.ஓ. வேகம் 1000 என்று அந்நிறுவனமே தன் குறிப்பேட்டில் தெரிவிக்கிறது. புஷ் செய்தலை மனத்திற்கொண்டு மென்மையான ஏற்றத்துடன் அமைக்கப்பட்ட பிலிம் அது. உறையின்மேல் உள்ள 3200 என்பது அதனைப் பயன்படுத்தும் முறையைக் கூறுகிறதேயன்றி அதன் பிறவிக் குணத்தைக் கூறவில்லை.

இனிச் செய்முறைக்கு வருவோம். இன்றும் விற்பனையில் உள்ள எச்.பி.5 பிளஸ் என்னும் 400 வேகப் பிலிமை எடுத்துக்கொள்ளலாம். டி-76க்கு நிகரான ஐ.டி.-11 கரைசலை நீர் சேர்க்காமல் 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பயன்படுத்தினால், 400 என்ற கணக்கில் எடுத்த பிலிமுக்கு ஏழரை நிமிடம் போதும். 800 என்ற கணக்கில் எடுத்ததற்குப் பத்தரை நிமிடமும், 1600 என்ற கணக்கில் எடுத்ததற்கு 14 நிமிடமும் வேண்டும். ஒளி பாதியானதற்காக நேரம் இரட்டிப்பாகவில்லை என்பதை உற்று நோக்குங்கள். நேரத்தை நீட்டுவதற்குப் பதிலாகத் தொட்டியை ஓயாமல் குலுக்குவது நன்றன்று. குலுக்கல் மிகுந்தால் ஒளிமிக்க இடங்களுக்குப் புதிய கரைசல் மேன்மேலும் கிடைத்து, அவையே மேலும் கருக்கும். ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் பத்து வினாடி மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதுமானது.

நம் நாட்டு மாணவர் ஒன்றை மறக்கலாகாது. மேற்கூறிய நேரங்கள் 20 பாகைக்கு உரியவை. சென்னையிலும் மதுரையிலும் கோடையில் குழாய்நீரே 30 பாகையை எட்டிவிடும். வெப்பம் ஏற ஏற உருத்துலக்கும் வேதிவினை விரைவாகும். ஒரு பாகைக்கு நேரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும் எனலாம். வெப்பத்தைப் பாராமல் கடிகாரத்தை மட்டும் பார்த்து வேலை செய்பவர், தாம் அறியாமலே பிலிமைப் புஷ் செய்துவிடுகிறார். ஓர் அகன்ற பாத்திரத்தில் பனிக்கட்டி இட்ட நீரை வைத்து, அதனுள் கரைசல் பாட்டில்களை நிறுத்தி, வெப்பமானியால் அளந்து குளிரச் செய்துகொள்ள வேண்டும். கரைசலைக் குளிர்வித்துவிட்டுக் கழுவும் நீரை வெந்நீர் போல விட்டுவிட்டால், ஜெலாட்டின் இளகிச் சேதமுறும். எல்லா நீரும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருக்கட்டும்.

புஷ் செய்த பிலிமில் மூன்று மாறுதல்களைக் காணலாம். முதலாவது, ஒளிக்கும் நிழலுக்கும் இடையே உள்ள வேறுபாடு கடுமையாகிறது. இரண்டாவது, வெள்ளித் துகள்கள் பெருத்துத் திரண்டு, படத்தில் மணல் தூவியது போன்ற பொறுபொறுப்பு தோன்றுகிறது. மூன்றாவது, அடையாளம் பெறாத படிகங்களிலும் ஒரு சில கருத்து, நெகடிவ் முழுவதும் ஒரு மெல்லிய மூட்டம் படர்கிறது. இவற்றைக் குறை என்றே எப்போதும் கொள்ள வேண்டியதில்லை. மழைக்கால மாலையிலும், குழல்விளக்குகள் சீராக ஒளிவீசும் வகுப்பறையிலும் காட்சியில் வேறுபாடு இயல்பாகவே குறைவு. அங்கே சற்றுக் கடுமை கூடுவது படத்துக்கு உயிரூட்டும். ஆனால், ஒற்றை விளக்கு எரியும் இருண்ட அறையில் வேறுபாடு ஏற்கெனவே மிகுதி. அங்கே புஷ் செய்தால் விளக்கருகே ஒரே வெண்மையும் மற்றெங்கும் ஒரே கருமையுமாகப் படம் பிளந்துபோகும். எந்த இருட்டுக்கு இம்முறை பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று பகுத்தறிவதே இக்கலையின் முதற்பாடம்.

இங்கே ஒரு முக்கியமான செய்தியைக் கூற வேண்டும். நம்மிற் பலர் கருநிற மேனியர். வெளுத்த சுவரின் முன்னே நிற்கும் ஒருவரைப் படமெடுக்கும்போது, ஒளிமானியைப் பொதுவாகக் காட்சியை நோக்கித் திருப்பினால், அது சுவரின் ஒளியையே பெரிதாகக் கணக்கிட்டு, இன்னும் குறைந்த ஒளியே போதும் என்று காட்டும். அந்த அளவையும் இரண்டு ஸ்டாப் குறைத்துப் புஷ் செய்தால், முகம் வளைகோட்டின் அடிப்பகுதிக்குச் சரிந்துவிடும். கண்ணின் அமைதியும், கன்னத்தின் சுருக்கமும், உழைத்த நெற்றியின் வரிகளும் கரைந்துபோய், முகமிருந்த இடத்தில் ஒரு கரிய வடிவமே எஞ்சும். சுவர் மட்டும் நேர்த்தியாக விழுந்திருக்கும்! ஒரு பாட்டியின் முகத்தைத் தலைமுறைகளுக்காகக் காத்து வைக்க நினைத்தவர், அவர் பின்னாலிருந்த சுவரைக் காத்து வைத்தவர் ஆவார். இதனைப் பிலிமின் குற்றம் என்றோ, அம்முகத்தின் குற்றம் என்றோ சொல்வது அறியாமை. எதை அளக்க வேண்டும் என்று எண்ணிப் பாராததன் விளைவு அது. ஆகவே, அருகே சென்று முகத்தையே அளந்து பாருங்கள். நிழற்பக்கத்துக் கன்னத்தில் விவரம் தேவையானால், அதற்கு எவ்வளவு ஒளி வேண்டும் என்று கணக்கிடுங்கள். நிழலைப் பார்த்து ஒளி கொடுக்க வேண்டும், ஒளிமிக்க இடத்தைப் பார்த்து உருத்துலக்க வேண்டும் என்பது இருட்டறைக்காரர் வழிவழியாகப் போற்றும் விதி. புஷ் செய்பவர் இவ்விதியை மீறுகிறார். மீறுபவருக்குத் தாம் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

எனவே, புஷ் செய்வதற்கு முன் மற்ற வழிகளை ஆராய்வதே அறிவுடைமை. துவாரத்தை முழுவதும் திறந்தாயிற்றா? முக்காலி கிடைக்குமா? சுவரிலோ தூணிலோ சாய்ந்து கையை நிலைப்படுத்தலாமா? அமர்ந்திருப்பவரைச் சற்றே சாளரத்தின் பக்கம் திரும்பச் சொல்லலாமா? ஒரு வெள்ளைத் துணியை எதிரே பிடித்து நிழற்பக்கத்துக்கு ஒளியைத் திருப்பலாமா? இவற்றால் ஒரு ஸ்டாப் கிடைத்தால், இரண்டு ஸ்டாப் புஷ் செய்ய வேண்டிய இடத்தில் ஒரு ஸ்டாப்போடு நிறுத்திக்கொள்ளலாம். மேலும், உருத்துலக்கும் நேரம் பிலிம் சுருள் முழுவதற்கும் பொதுவானது. 36 படங்களுள் பத்தைப் பகலொளியில் 400 என்றும், மற்றவற்றை இரவில் 1600 என்றும் எடுத்துவிட்டால், ஏதேனும் ஒரு பகுதி கெட்டே தீரும். சுருளை மாட்டும்போதே அதன் பயனைத் தீர்மானித்து, உறையின்மேல் எழுதி வையுங்கள்.

இவற்றை நான் சொல்லக் கேட்பதைவிட நீங்களே செய்து பார்ப்பது மேலானது. பள்ளியிலோ கல்லூரியிலோ புகைப்படக் கழகம் இருந்தால் ஒரு சோதனை நடத்துங்கள். ஒரே சுருளில், ஒரே விளக்கொளியில், கறுப்புக் குடை, பழுப்பு அட்டை, வெள்ளைக் கைக்குட்டை ஆகிய மூன்றையும் சேர்த்து 400, 800, 1600 என்னும் கணக்கில் மாறி மாறிப் படமெடுங்கள். இருட்டறையில் சுருளை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை ஏழரை நிமிடமும் மறு பாதியைப் பதினான்கு நிமிடமும் உருத்துலக்குங்கள். 1600 என்ற கணக்கில் எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், நீண்ட உருத்துலக்கலால் கைக்குட்டை எவ்வளவு தேறியது, குடையின் மடிப்புகள் எவ்வளவு குறைவாகத் தேறின என்பதைக் கண்கூடாகக் காண்பீர்கள். அந்தக் காட்சி ஒரு நூல் கற்பிப்பதைவிட மிகுதியாகக் கற்பிக்கும். ஆனால், மெட்டால் சிலருடைய தோலில் அரிப்பை உண்டாக்கும். ஆதலால் கையுறை அணியுங்கள். அறையில் காற்றோட்டம் இருக்கட்டும். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கலந்திருக்கும். அதனைச் சாக்கடையில் கொட்டாமல் சேர்த்து வைத்து முறைப்படி அகற்ற ஆசிரியரிடம் ஒப்படையுங்கள்.

கைப்பேசியிலேயே படமெடுக்கும் இக்காலத்தில் இந்தப் பழைய வித்தை எதற்கு என்று சிலர் கேட்கலாம். உதகமண்டலத்தில் 1967ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கி, ‘இந்து’ என்னும் பெயரில் பிலிம் தயாரித்து வந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையும் இப்போது இயங்கவில்லை. ஆயினும், பாடம் பழமையாகிவிடவில்லை. கைப்பேசியில் ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்தும்போது, அதன் உள்ளே உள்ள ஒளியுணரி மிகுதியான ஒளியைப் பெற்றுவிடுவதில்லை. பெற்ற சிறிதளவு ஒளியின் குறிப்பைக் கருவி பெருக்கிக் காட்டுகிறது. அதனோடு இரைச்சலும் பெருகுகிறது. வெள்ளிப் படிகத்தின் பொறுபொறுப்பும், கைப்பேசிப் படத்தில் இருளில் மிதக்கும் புள்ளிகளும் கிட்டிய உறவினர். கருவி மாறினும் ஒளியின் கணக்கு மாறுவதில்லை.

புஷ் செய்தல் ஏமாற்று வித்தையும் அன்று. மாய வித்தையும் அன்று. மீண்டும் வாராத ஒரு கணத்தை, ஒளி போதாமையால் அடியோடு இழப்பதா, நிழல்களை விட்டுக்கொடுத்தேனும் முக்கியமானதைக் காப்பதா என்று வந்தால், காப்பதே நன்று. அத்தகைய வேளைக்கு உரிய நல்ல துணை அது. இருட்டறையில் பிலிமைத் தொட்டியில் இடுவதற்கு முன்னரே, ஷட்டரை அழுத்தும் அந்தக் கணத்திலேயே, எது பதிந்தது எது பதியவில்லை என்பது முடிவாகிவிடுகிறது. பின்னர் நாம் செய்யக்கூடியது, பதிந்ததைப் போற்றி வளர்ப்பது ஒன்றே. ஆகவே, மாணவர்களே, விளக்கு மங்கிய இடத்தில் காமிராவைக் கையில் எடுக்கும்போது, இக்காட்சியில் கட்டாயம் காக்க வேண்டியது எது என்று முதலில் உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு விடை கிடைத்த பிறகு, எண்களைத் திருப்புங்கள்.